பெல்மிரோவை வைத்திருந்த மரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலை ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி வாக்கில், ஃபோண்டே செக்கா பண்ணையின் மேட்டுக் காட்டில் நின்ற ஒரு தக்கை மரம் பெல்மிரோவைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. காலில் ஒட்டுப்போட்ட பூட்சும், சட்டைப் பையில் அரைப் பொட்டலம் புகையிலையும் இருந்தன. கூட வேலை செய்துகொண்டிருந்த இருபத்திரண்டு பேர் அதைப் பார்த்தார்கள். குதிரையில் துரத்திவந்த நான்கு காவலர்கள் பார்க்கவில்லை, அவர்கள் கிளப்பிய புழுதி அவர்கள் கண்ணிலேயே விழுந்திருந்தது.

புட்டி அடைக்கும் தக்கைக்காகப் பட்டை உரிப்பவர்கள் இருவர் இருவராகத்தான் ஒரு மரத்தை எடுப்பார்கள். ஒருவன் இந்தப் பக்கம் கோடாலி போட்டால் மற்றவன் அந்தப் பக்கம். விழுகிற சத்தத்திலேயே பட்டை இளகிவிட்டதா என்று தெரியும். இளகிய பட்டை காலிப் பெட்டியைத் தட்டியதுபோல் ஒலிக்கும், இளகாதது பல்லைக் கடிப்பதுபோல் ஒலிக்கும். கோடாலி ஒரு கோதுமை மணி அளவு கூடுதலாக இறங்கினாலும் உள்ளே இருக்கும் மெல்லிய தோல் காயப்படும். அந்தத் தோலைத் தாய் என்போம். தாயைக் காயப்படுத்தியவனுக்கு அன்றைய சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார யாரும் வரமாட்டார்கள். உரித்து முடித்த மரம் ஈரமாக, இளஞ்சிவப்பாக, பார்க்கவே கூச்சமாக நிற்கும். அதன் மேல் அந்த ஆண்டின் கடைசி எண்ணை வெள்ளைச் சாயத்தில் எழுதுவார்கள். ஐம்பத்து மூன்று என்றால் 3. ஒன்பது ஆண்டு கழியாமல் அதில் யாரும் கோடாலி வைக்கக் கூடாது. எங்கள் ஊர் மொந்தெரூய்வோவில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆட்களுக்கும் அந்தப் பத்து எண்கள் மட்டும் தெரியும். எங்களுக்கு எழுத்து என்று இருந்தது மரத்தில்தான்.

பெல்மிரோவின் குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் சூரியன் எழுந்ததிலிருந்து விழும் வரை வேலை. கோடையில் சூரியனுக்கு அலுப்பே வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் சதுக்கத்தில் கூலியாட்கள் வரிசையாக நிற்க, கங்காணிகள் வந்து மேற்கையை அமுக்கிப் பார்த்து வாரத்துக்கு ஆள் எடுப்பார்கள். அப்படி நின்றவர்களிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பெல்மிரோ பேசினான். எட்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் கோடாலி தூக்க வேண்டாம், எல்லோரும் சேர்ந்து சொன்னால் யாரையும் தனியாக அடிக்க முடியாது என்றான். தலைநகர் லிஸ்பனில் இருந்த சர்வாதிகாரிக்கு நாடு அமைதியாக இருக்க வேண்டும். அதனால் மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள்.

அவனும் அவனுடைய கோடாலிக் கூட்டாளி செஃபெரினோவும் அப்போதுதான் அந்த மரத்தை முடித்திருந்தார்கள். குதிரைச் சத்தம் கேட்டதும் செஃபெரினோ, "ஓடுடா" என்றான்.

"எங்கடா ஓடறது? எந்தப் பக்கம் ஓடினாலும் பண்ணைக்காரன் நெலம்தான்" என்று சொல்லி, பெல்மிரோ மூச்சு வாங்க அந்த ஈர மரத்தில் முதுகைச் சாய்த்தான். மரம் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக, பிசைந்த மாவு நடுவில் வைத்த பழத்தை மூடுவதுபோல, மூடிக்கொண்டது. செஃபெரினோ கையிலிருந்த தூரிகையால், நெஞ்சு இருந்த இடம் என்று தோன்றிய இடத்தில், 3 என்று எழுதினான். அவசரத்தில் எண் சற்றுக் கோணலாக விழுந்தது.

"எங்க அவன்?" என்றார் சார்ஜண்ட்.

"யாரு?" என்றான் செஃபெரினோ.

"இப்ப இங்க நின்னவன்டா."

"இங்க நின்னது மரம். இப்பவும் நிக்குது."

சார்ஜண்ட் மரத்தில் காது வைத்துக் கேட்டார். உள்ளே துடிப்பது அவருக்குக் கேட்டது. ஆனால் அவர் வடக்கத்தி ஆள், எங்கள் காட்டுப் பறவைகள் பழக்கமில்லை, மரங்கொத்தி என்று நினைத்துக்கொண்டார். இருபத்திரண்டு பேரையும் இழுத்துக்கொண்டுபோய் எட்டு நாள் அடைத்து வைத்தார்கள். செஃபெரினோவை மட்டும் மூன்றாம் நாளே விட்டுவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து பண்ணை அவனைக் கங்காணி ஆக்கியது. ஊர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது, அதற்குமேல் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து மதுக்கடையில் அவன் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். பெல்மிரோவின் மனைவி எர்மெலிண்டா அவன் வீட்டு வழியாகப் போக வேண்டியிருந்தால் கிணற்றைச் சுற்றிப் போவாள்.

எர்மெலிண்டாவுக்கு அப்போது முப்பது வயது, திருமணமாகி இரண்டு ஆண்டு. முதல் மாதம் மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள், பிறகு அழ நேரமில்லை. வேலைக்குப் போகும் வழியில் பூண்டும் கொத்தமல்லியும் இடித்துப் போட்ட ரொட்டிச் சூப்பை ஒரு தகரப் பாத்திரத்தில் கொண்டுபோய் வேரில் ஊற்றுவாள். ஊர்ச் செய்திகளைச் சொல்வாள். யார் வீட்டுக் கழுதை செத்தது, யார் மகள் யாரோடு போனாள் எல்லாம். அந்த மரத்தின் கொட்டைகளில் கொத்தமல்லி வாசம் வந்தது, கறுப்புப் பன்றிகள் அதற்காகவே மூன்று மைல் நடந்து வந்தன. பனிக்காலத்தில் மரத்தண்டு கதகதப்பாக இருக்கும், விறகு பொறுக்குகிற பெண்கள் கையைச் சூடுகாட்டிக்கொள்வார்கள். புகையிலை தீர்ந்த ஆண்டிலிருந்து மரம் இருமுவதும் நின்றுவிட்டது. நடுத்தண்டு மட்டும் ஆறு மாதக் கர்ப்பிணிபோல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. பண்ணைக்காரர்கள் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் மரத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் நடந்தது. கோதுமை அறுப்பில் எர்மெலிண்டா எந்த வயலில் குனிந்தாலும், பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த மரத்தின் நிழல் தன் இடத்தைவிட்டுக் கிளம்பி மேட்டிலிருந்து இறங்கிவந்து அவள் முதுகின்மேல் படுத்துக்கொள்ளும். அரை மைல் தூரம் இருந்தாலும் வரும். மற்றப் பெண்கள் இதைக் கண்டதும் அவளை நடுவில் விட்டு இருபுறமும் நெருங்கி நின்று அறுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கு அந்த நிழல் தாராளமாகப் போதும். மேலாளர் ஒருமுறை வந்து, "ஏன் எல்லாரும் ஆட்டு மந்தை மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டார். "பக்கத்துல பக்கத்துல நின்னா பேச வசதிங்கய்யா" என்றாள் ஒருத்தி. வேலை வேகமாக நடந்ததால் அவர் விட்டுவிட்டார். அந்த வெயிலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும் அந்த நிழலின் அருமை. எங்கள் ஊரில் இன்றைக்கும் சில பெண்கள் அந்த மேட்டைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

அறுபத்திரண்டாம் ஆண்டு மே மாதம் தெற்கு முழுக்க ஆட்கள் கோடாலியையும் மண்வெட்டியையும் கீழே போட்டார்கள். மொந்தெரூய்வோவிலும் போட்டார்கள். யாரையும் தனியாக அடிக்க முடியவில்லை. எட்டு மணி நேரம் வந்துவிட்டது. எர்மெலிண்டா ஓடிப்போய் மரத்திடம்தான் முதலில் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பும்போது அவள் கண் அந்தக் கோணல் மூன்றில் நின்றது. அறுபத்திரண்டு. ஒன்பது ஆண்டு ஆகிவிட்டது. அடுத்த மாதம் இந்த மரத்தை உரிக்க வேண்டும்.

உரித்தால் என்ன ஆகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பட்டைக்கும் அவனுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. சாதாரண வேகத்தில் விழும் கோடாலி அவன் விலாவில் போய் நிற்கும். தப்பிப் பிழைத்து வெளியே வந்தாலும் பக்கத்திலேயே மேலாளர் நிற்பார், மாலைக்குள் காவலர்கள் வந்துவிடுவார்கள். உரிப்பு தொடங்கிய முதல் வாரம், ஆட்கள் சாப்பிட்டுவிட்டு மரத்தடிகளில் கண்ணசந்த நேரத்தில், எர்மெலிண்டா வீட்டுச் சுவருக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் குவளையில் கொண்டுபோய், மூன்றின் இடப்பக்கத்தில் இரண்டு வளைவு சேர்த்து அதை எட்டாக்கினாள். உறங்குகிறவர்களில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் மேலாளர் வந்து, "இது ஐம்பத்தெட்டா? அடுத்தது பாருங்க" என்று போய்விட்டார். பின்னால் வந்த கங்காணி செஃபெரினோ எட்டைப் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடந்தான். "மரத்துக்கும் எட்டு மணி நேரம் கெடச்சிருச்சு" என்று ஒரு கிழவன் முணுமுணுத்தான். அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

ஆனால் எட்டும் ஒரு நாள் வயதுக்கு வரும் என்பதை எர்மெலிண்டா கணக்குப் பார்க்கவில்லை. மூன்றைப் போகச் சொன்னாள், எட்டை வரவழைத்தாள், அதோடு மறந்துவிட்டாள். அறுபத்தேழாம் ஆண்டு ஜூனில், "இந்த வருஷம் எட்டெல்லாம் எடுக்கணும்" என்று ஆட்கள் பேசிக்கொண்டதைக் கேட்டபோது அவள் தலையில் இருந்த தண்ணீர்க் குடம் கீழே விழுந்தது. உள்ளதிலேயே மோசமான எண்ணை எடுத்திருந்தாள். எட்டோடு எதைச் சேர்த்தாலும் அது எட்டாகத்தான் இருக்கும். இரண்டு நாள் தரையில் சுள்ளியால் எழுதி எழுதிப் பார்த்தாள். மூன்றாம் நாள் விடியலில் வெறுங்கையோடு மரத்தடிக்குப் போனாள், குறுக்கே படுத்துக்கொள்வது என்று.

மரத்தில் 7 என்று எழுதியிருந்தது. புதுச் சாயம், இன்னும் ஒட்டியது. அதன் கீழே பழைய சாம்பல் பட்டை முழுக்க யாரோ செதுக்கி மழித்து, காவி பூசியிருந்தார்கள். நேற்றுத்தான் உரித்த மரம்போல் சிவந்து நின்றது. மேலாளர் கழுதைமேல் இருந்தபடியே, "இத முடிச்சாச்சா? நல்லது" என்று கடந்து போனார். எர்மெலிண்டா இதைப் புனித யோவான் கணக்கில் எழுதினாள், ஏனென்றால் அவருடைய திருநாள் அந்த வாரம்தான் வந்தது. அதற்கடுத்த ஒவ்வோர் ஆண்டும் அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மெழுகுவர்த்தி தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. புனிதர் திருப்பி அனுப்பவில்லை.

அப்புறம் லிஸ்பனில் அந்தச் சர்வாதிகாரி நாற்காலியிலிருந்து விழுந்தார், வேறொருவர் ஏறினார், ஆப்பிரிக்காவில் நடந்த போருக்கு எங்கள் ஊர்ப் பையன்கள் பதினாறு பேர் போய்ப் பதிமூன்று பேர் திரும்பி வந்தார்கள். எழுபத்து நான்காம் ஆண்டு ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, ராணுவமே அரசைக் கவிழ்த்துவிட்டதாக ரேடியோ சொன்னது. மொந்தெரூய்வோவில் இருந்த காவலர்கள் அன்றைக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் டிராக்டர் ஓட்டுகிற அதெலினோ முன்னால் போக, கொடியும் சோளரொட்டியுமாக நூறு பேர் பண்ணைக்குள் போய், நிலம் இனிமேல் உழுகிறவர்களுக்கு என்று அறிவித்தார்கள். பண்ணைக்காரர் பிரேசிலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கூட்டுறவு ஆரம்பமானது. எல்லோரும் எல்லோரையும் தோழர் என்று கூப்பிட்டார்கள். முதல் மாதத்தில் மட்டும் இரண்டு பன்றிகளுக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. மாலைகளில் ஒரு சிப்பாய் கரும்பலகையோடு வந்து நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். கோடாலி பிடித்துக் காய்த்த விரலுக்குள் சாக்கட்டி நிற்காமல் உடைந்தது. அந்தச் சிப்பாயின் பெயர் மறந்துபோயிற்று, ஆனால் அவனுக்கு இந்த ஊர் பட்ட கடன் தீராது.

கூட்டுறவின் முதல் பொதுக்கூட்டமே கங்காணி செஃபெரினோவை நிலத்திலிருந்து வெளியேற்றத் தீர்மானம் போட்டது. பண்ணை கொடுத்த வீட்டைக் காலி செய்து, மைத்துனி வீட்டுக் கோழிக் கொட்டகைக்குப் பக்கத்து அறைக்குப் போனான். ஃபோண்டே செக்கா எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று பலகை எழுதி வைத்தார்கள். எழுதப் பழகிய கையோடு எழுதியதால் அதில் நான்கு பிழை இருந்தது, விஷயம் மட்டும் புரிந்தது.

ஜூன் மாதம் எர்மெலிண்டா கமிட்டியிடம் வந்து நின்றாள். மரத்தைத் திறக்க வேண்டும் என்றாள். காவலர்கள் இல்லை, மேலாளர் இல்லை, இனி எதற்குக் காத்திருப்பது?

அதெலினோ தொண்டையைக் கனைத்தான். "தோழர் எர்மெலிண்டா, உங்க உணர்வ கமிட்டி மதிக்குது. ஆனா மரத்துல ஏழுன்னு இருக்கு. எழுபத்தாறுலதான் வரும். புரட்சின்னாலும் ஒம்பது வருஷம் ஒம்பது வருஷந்தான். நாமளே விதிய மீறினா பண்ணைக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

"டேய் அதெலினோ, உனக்கு மூக்கு சிந்திவிட்டவ நான். எங்கிட்ட மேடைப் பேச்சு பேசாத."

"சரி அத்தே. விதிய விடு. வெட்டறது யாரு?"

அதுதான் கேள்வி. இருபத்திரண்டு ஆண்டுப் பட்டை. செதுக்கி மழித்தும் ஒரு சாண் கனம் ஏறியிருந்தது. அதற்குப் பின்னால் உடனே தாய், தாய்க்குப் பின்னால் உடனே பெல்மிரோ. ஊரில் அப்போது முப்பது கோடாலிக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர்கூட முன்னால் வரவில்லை. வராததற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கடைசியில், அறுபத்திரண்டில் முணுமுணுத்த அந்தக் கிழவன்தான் சொன்னான்: "சத்தத்த வச்சே கனம் சொல்ற கை இந்தப் பக்கத்துல ஒண்ணுதான். அத நாமதான் பலகை எழுதி வெளிய நிறுத்தியிருக்கோம்."

எர்மெலிண்டா இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாகக் கிணற்றைச் சுற்றாமல் நேர்வழியில் நடந்தாள். செஃபெரினோ வாசலில் உட்கார்ந்து காய்ந்த அவரையை உரித்துக்கொண்டிருந்தான். கோழிகள் அவன் காலைச் சுற்றி நின்றன.

"உள்ள வரமாட்டேன். வாசல்லயே சொல்றேன்."

"சொல்லு."

"மரத்த தொறக்கணும். உன் கைதான் வேணுமாம். நான் கேக்கல, அவங்க கேக்கறாங்க."

அவன் ஓர் அவரையை உரித்தான், இன்னொன்றை உரித்தான். "ஏழு நான் போட்டது" என்றான்.

"எந்த ஏழு?"

"மரத்துல இருக்கே, அந்த ஏழுதான். எட்டு உன்னோடது, பாத்தேன், நல்லா வளைச்சிருந்த. ஆனா அறுபத்தேழுல வந்து நிக்கும்னு உனக்குத் தோணல. எம் பொண்டாட்டி சுவத்துக்கு வாங்கி வச்சிருந்த காவி பூராவும் உம் புருஷன் மேலதான் இருக்கு. சாகற வரைக்கும் கேட்டா, காவி எங்க போச்சுன்னு."

எர்மெலிண்டா பக்கத்திலிருந்த சாக்கின்மேல் உட்கார்ந்தாள். "அப்ப நான் எட்டு வருஷமா யோவானுக்கு மெழுகுவத்தி ஏத்தினது?"

"இருக்கட்டும். அவருக்கும் வெளிச்சம் வேணும்ல."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? உனக்கு வாய் இல்லையா?"

"வாய் இருந்ததாலதான் இத்தனையும். ஐம்பத்து மூணுல, அந்த ரெண்டாவது ஞாயித்துக்கெழம, கடையில உக்காந்து பீத்திக்கிட்டேன். எங்காளு எட்டு மணி நேரம் வாங்கித் தராம விடமாட்டான், பாருங்கடான்னு. பக்கத்து மேசைல எவன் உக்காந்திருந்தான்னு பாக்கல. அதுக்குத்தான் என்ன மூணாம் நாளே விட்டாங்க போல." அவன் கை அவரையிலேயே இருந்தது. "காட்டிக் கொடுக்கல. பெருமைப்பட்டேன். ஆனா ரெண்டும் ஒரே எடத்துல போய்தான் நின்னுச்சு. அப்புறம் பண்ணைக்காரன் கங்காணியா வரியான்னு கேட்டான். வந்தா தூரிகை என் கைல இருக்கும். எந்த மரம் எப்பன்னு எழுதறது நானா இருப்பேன். அதான் போனேன்."

கோழிகள் நகர்ந்து நகர்ந்து எர்மெலிண்டா காலடிக்கு வந்துவிட்டன. ஒரு முட்டை வேகிற நேரம் அவளும் அவரை உரித்தாள். அந்த நேரத்தில் அவளுக்குள் என்ன கூட்டல் கழித்தல் நடந்தது என்று எழுத இந்தக் கைக்குத் தெரியாது. பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

"கோடாலி தீட்டி வச்சிருக்கியா?"

"இருபத்திரெண்டு வருஷமா."

வெளியேற்றப்பட்டவனை நிலத்துக்குள் விட இன்னொரு பொதுக்கூட்டம் வேண்டும் என்று அதெலினோ சொன்னான். தானியக் கிடங்கில் நான்கு மணி நேரம் நடந்தது. எதிரிகளின் கையாளுக்குக் கோடாலி கொடுப்பதா என்று ஒருவர் கேட்டார். லிஸ்பனுக்கு எழுதி விளக்கம் கேட்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். மரம் கூட்டுறவின் சொத்தா, பெல்மிரோ கூட்டுறவின் உறுப்பினரா, உறுப்பினர் என்றால் பிப்ரவரியிலிருந்து ஏன் வேலைக்கு வரவில்லை என்றுகூடப் பேசினார்கள். எர்மெலிண்டா கடைசியில் எழுந்தாள்.

"எட்ட நான் போட்டேன். ஏழ இவன் போட்டான். ரெண்டும் பொய். உள்ள இருக்கறவன்தான் நெஜம். இவன் பேச்சால உள்ள போனான், இவன் எழுத்தால உசிரோட இருக்கான். மன்னிக்கறதா வேண்டாமான்னு நான் அப்புறம் பாத்துக்கறேன், அது என் வீட்டு வேல. உங்க வேல கையத் தூக்கறது. தூக்குங்க."

தொண்ணூற்றொரு கைகள் உயர்ந்தன. மூன்று பேர் எதிர்ப்பு. ஒருவர் கொள்கை காரணமாக நடுநிலை.

எழுபத்தைந்து ஜூலை மாதம், காற்றில்லாத ஒரு காலையில் செஃபெரினோ மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினான். விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டான். ஒரு மரத்துக்குக் கால்மணி நேரம் போதும் என்கிற ஆள், ஏழு மணிக்கு முதல் வெட்டைப் போட்டு உச்சி வெயில் வரை போட்டான். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே நின்று மூச்சை அடக்கினான். சுற்றி நின்ற நூறு பேரும் அவனோடு சேர்ந்து அடக்கினார்கள். சிகரெட்டை யாரும் பற்றவைக்கவில்லை. கடைசியில் கோடாலியைத் திருப்பி, கைப்பிடியின் ஆப்பு முனையை வெட்டுக்குள் நுழைத்து, குழந்தையின் வாயைத் திறப்பதுபோல நெம்பினான். பட்டை இரண்டு கதவாகப் பிரிந்து வந்தது. தாயில் ஒரு கீறல்கூட இல்லை, அது தானாகவே விலகிக்கொண்டது.

பெல்மிரோ உள்ளே நின்றுகொண்டிருந்தான். ஈரமாக, உரித்த மரத்தின் நிறத்தில், போனபோது இருந்த அதே முப்பத்தொரு வயதில். கண்ணைத் திறக்காமலே இருமினான்.

"காவலருங்க போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க" என்றான் செஃபெரினோ.

"எப்போ?"

"போன வருஷம் ஏப்ரல்ல."

"அப்ப சரி." கண்ணைத் திறந்தான். கூட்டாளியைப் பார்த்தான். "நீ ஏன்டா இப்படிக் கெழடு தட்டிட்ட? காலைல நல்லாத்தானே இருந்த?" பிறகு செஃபெரினோவுக்குப் பின்னால் தகரப் பாத்திரத்தோடு நின்றவளைப் பார்த்து, மரியாதையாகத் தலையசைத்து, "மாமியார் எப்ப வந்தாங்க?" என்றான்.

"மாமியார் செத்துப் பதினோரு வருஷமாச்சு" என்றாள் எர்மெலிண்டா. "நான்தான்டா."

கூட்டத்தில் சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை, இரண்டையும் செய்தார்கள். அவன் அவளுடைய கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். கையில் பழைய தழும்பு ஒன்று இருந்தது, அரிவாள் பட்டது. அதைக் கண்டுபிடித்துக்கொண்டான். சூப்பை நின்றபடியே குடித்தான். உப்பு கொஞ்சம் குறைவு, வழக்கம்போல, என்றான். அப்போதுதான் அவளுக்கு அத்தனை நாளும் ஊற்றியது போய்ச் சேர்ந்திருக்கிறது என்று உறுதியானது.

ஊரில் வேறு மாதிரியும் பேசினார்கள். ஐம்பத்திரண்டு வயது மனைவி, முப்பத்தொரு வயது கணவன், எத்தனை நாளைக்கு என்று. எர்மெலிண்டாவே ஒரு நாள் ரொட்டி அறுத்துக்கொண்டு, "வயசுப் பொண்ணா யாரையாவது பாத்துக்கோ. நான் கோவிச்சுக்க மாட்டேன், ரொம்ப நாள் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள். அடுத்த மாதம் அவன் கண்ணோரத்தில் சுருக்கம் விழ ஆரம்பித்தது. ஆண்டுக்கு மூன்று வயது, சில ஆண்டு நான்கு என்று அவன் ஏறிக்கொண்டே போனான். சுகாதார நிலையத்து நர்ஸ் அட்டையில் எழுதி எழுதி அலுத்து, பென்சிலால் எழுதத் தொடங்கினாள். தலையில் முதல் நரை கண்ட நாள் பெல்மிரோ கடையில் இருந்த அனைவருக்கும் ஒயின் வாங்கிக் கொடுத்தான். செஃபெரினோவுக்கும் ஊற்றினார்கள். அவன் உள்ளே வந்தபோது பேச்சு நிற்கவில்லை, அதை அவன் கவனித்தான், குனிந்து குடித்தான்.

எண்பதாம் ஆண்டு பண்ணைக்காரரின் மகன் நீதிமன்றத் தாளோடும் புதுச் சீருடைக் காவலர்களோடும் வந்து நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். அதெலினோ டிராக்டர்மேல் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதான். ஐந்து ஆண்டு நம் கையில் இருந்த நிலம் அது. பெல்மிரோ மட்டும் புது மேலாளரிடம் போய், வேலை எத்தனை மணி நேரம் என்று கேட்டான். எட்டு என்றார் அவர், வேறெப்படி இருக்கும் என்கிற முகத்தோடு. பெல்மிரோ திரும்பி வந்து அதெலினோவின் முதுகைத் தட்டி, "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகலடா" என்றான். அது உண்மைதான். எழுதப் பழகிய எழுத்தையும் யாரும் திரும்பக் கேட்கவில்லை.

மாலைகளில் இருவரும் சாலையில் நடப்பார்கள். ஆரம்பத்தில் அவன் நான்கு எட்டு முன்னால் போய் நின்று காத்திருப்பான். பிறகு இரண்டு எட்டு. முழங்காலில் வலி வந்ததும் ஒரு எட்டு. வலி வந்த நாளில் அவன் அதை அவளுக்கு ஒரு பரிசுபோலச் சொன்னான். அவள் அவன் முழங்காலில் எண்ணெய் தேய்த்துவிட்டு, "மெதுவா வா. நான் எங்கயும் போகல" என்றாள்.

எண்பத்து நான்காம் ஆண்டு கோடையில், அவளுக்கு அறுபத்தொன்று நடக்கும்போது, பெல்மிரோ அறுபத்திரண்டை அடைந்தான். அவன் பிறப்புச் சான்றிதழும் அதையேதான் சொன்னது. அதற்குப் பிறகு அவன் அவசரப்படவில்லை. ஆண்டுக்கு ஒரு வயது என்று, எல்லோரையும்போல, ஆகிக்கொண்டு வந்தான்.